கட்டட மின்வலுச் சேமிப்புத் தொழில்: யாழ்ப்பாணத்திலிருந்து எங்கே, எதைப் படிப்பது?

2025 ஜனவரி 12 – கொக்குவில் பெடியன்

உயர்தரம் பொறியியல் தொழில்நுட்பம் செய்து முடிச்சிட்டன். வெட்டுப்புள்ளி கிடைக்குமோ தெரியேல்ல. கட்டடங்களில கரண்ட் மிச்சம்பிடிக்கிற வேலை, எனர்ஜி ஓடிற் எண்டு சொல்லுறது, இனி நல்லா வரும் எண்டு கனபேர் சொல்லினம். ஆனா கொழும்பு போய் ஒரு சேர்ட்டிபிக்கற் எடுத்தாத்தான் வேலை, யாழ்ப்பாணத்தில படிக்க ஒண்டுமில்லை எண்டு கூட்டாளி அடிச்சுச் சொல்லுறான். உண்மையோ? சோலர் பூட்டுற கோர்ஸ் செய்தாலும் அதுதானே?

ஜனவரி 12, இரவு – சுன்னாகத்தார்

தம்பி, கூட்டாளி சொன்னதை அப்படியே எடுக்காதேங்கோ. அடித்தளத்தை யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலுமே போடலாம். கொழும்பு பிறகு, அதுவும் தேவைப்பட்டால்.

சோலர் வேறு, இது வேறு. சோலர் மின்சாரத்தை உண்டாக்கும். இந்தத் தொழில் கட்டடம் தின்னும் மின்சாரத்தைக் குறைக்கும். வாடிக்கையாளருக்கு முதலில் வரவேண்டியது இரண்டாவதுதான். பாவனையைக் குறைத்தபிறகு 6 கிலோவாற் போதும் என்று வரும் இடத்தில் 10 கிலோவாற் பூட்டினால் மிச்சக் காசு கூரையில் கிடக்கும்.

சேர்ட்டிபிக்கற் பிறகு பார்க்கலாம், முதலில் ஒரு கைத்தொழில் வேண்டும். மின் வயரிங் அல்லது குளிரூட்டலும் வளிச்சீராக்கமும், இரண்டில் ஒன்றில் என்.வி.கியூ (தேசியத் தொழிற்தகைமை) 4ஆம் மட்டம் வரை போங்கோ. கணக்காய்வு, நீங்கள் சொன்ன ஓடிற், என்பது ஓடிக்கொண்டிருக்கும் 400 வோல்ற் மும்முனைப் பலகையைத் திறந்து மீற்றர் பூட்டுகிற வேலை. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரியாத ஆளைப் பலகைக்குக் கிட்ட யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

இடங்கள்: யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள், நைட்டா (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை) வழியாகப் பயிலுநர் பயிற்சி, கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம். வெட்டுப்புள்ளி கிடைத்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடமும் கிளிநொச்சியில்தான் இருக்கிறது. கிடைக்காவிட்டாலும் பாதை முடியாது: என்.வி.கியூ 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். டிப்ளோமாக்காரருக்கு இரத்மலானையில் உள்ள தொழிற்கல்வித் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தின் (யுனிவொடெக்) கதவு திறக்கும்.

காசு கட்டுமுன் ஒன்றைப் பாருங்கோ. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருப்பது ஒன்று, அந்தக் கோர்ஸ் தரமங்கீகாரம் பெற்றிருப்பது இன்னொன்று. பதிவு மட்டும் இருந்தால் அங்கே தருவது அவர்களுடைய சொந்தச் சான்றிதழ், என்.வி.கியூ வராது. விளம்பரத்தில் இரண்டையும் கலந்து போடுவார்கள். கோர்ஸின் பெயரைச் சொல்லி, எந்த மட்டத்துக்கு அங்கீகாரம், எந்தத் திகதிவரை என்று கேளுங்கோ.

ஜனவரி 14 – சுன்னாகத்தார்

வயரிங்கா குளிரூட்டலா, இரண்டில் எது என்று தம்பி உள்பெட்டியில் கேட்டிருந்தார். இரண்டும் சரி என்றுதான் முதலில் எழுதினேன். யாழ்ப்பாணத்துக் கட்டடங்களை நினைத்துப் பார்த்தால் குளிரூட்டல் பக்கம் சாய்கிறேன். வங்கி, ஹோட்டல், தனியார் ஆஸ்பத்திரி, ஐஸ் வாடி, மீன் குளிரறை எல்லாவற்றிலும் பில்லின் பெரிய துண்டு கொம்பிரசருக்குத்தான் போகிறது. வயரிங் தெரிந்தவர் ஊரில் கனபேர். ஏசியை வடிவாகப் பூட்டத் தெரிந்தவர் குறைவு.

வடிவாக என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். செம்புக் குழாயை வெட்டியதும் உள்விளிம்பில் பிசிர் நிற்கும். குழாயின் வாயைக் கீழே பிடித்து அதை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தூள் உள்ளே விழும். பிறகு பிளேர் செய்து, அதாவது குழாயின் நுனியை விரித்து, நட்டை ரோர்க் ஸ்பானரால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்க வேண்டும்: கால் அங்குலத்துக்கு 14 முதல் 18 நியூற்றன் மீற்றர், எட்டில் மூன்று அங்குலத்துக்கு 34 முதல் 42. கைக்கணக்கில் இறுக்கினால் ஒன்றில் பிளேர் நசிந்து வெடிக்கும், அல்லது மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் காஸ் போகும்.

அடுத்தது நைதரசன் அழுத்தச் சோதனை. ஆர் 410ஏ, ஆர் 32 என்ற குளிரூட்டும் காஸ் உள்ள இயந்திரங்களுக்குப் பொதுவாக 40 பார் அளவில் வரும். கையேட்டில் உள்ள எண்ணே இறுதி. ஒட்சிசன் சிலிண்டரை இதற்குப் பாவிக்கவே கூடாது, எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும்.

அதன்பின் வெற்றிடம். பம்பை ஓட்டி, வெற்றிடத்தை அளக்கும் மைக்ரோன் மீற்றரில் 500க்குக் கீழே கொண்டுவந்து, வால்வைப் பூட்டிவிட்டு ஒரு கால் மணித்தியாலம் பார்க்க வேண்டும். ஊசி 1500 அளவுக்கு ஏறி அங்கேயே நின்றால் உள்ளே ஈரம், இன்னும் இழுக்க வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஒழுக்கு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரே பயிற்சி பெற்றவர்.

பம்ப் இல்லாமல் ஏசியின் சொந்தக் காஸாலேயே ஊதி விடுகிற வழக்கம் இங்கே உண்டு. காற்றும் ஈரமும் உள்ளே தங்கும். காற்று காஸைப் போல ஒடுங்கித் திரவமாகாது, வெளி யூனிற்றின் அழுத்தம் கூடும், கொம்பிரசர் கூடக் கரண்ட் இழுக்கும். குளிர் வருவதால் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. ஆர் 32 மெதுவாக என்றாலும் தீப்பற்றக்கூடிய வாயு, அறைக்குள் ஊதுவது அதிலும் மோசம்.

ஜனவரி 15 – காரைநகர் வாசகி

எங்கட பக்கம் வெளி யூனிற் கெதியா உக்கிப் போகுது. அதுவும் உங்கட பாடத்துக்குள்ள வருமோ?

ஜனவரி 15 – சுன்னாகத்தார்

கட்டாயம் வரும், அக்கா. உப்புக்காற்றில் அலுமினியத் தகடும் செம்புக் குழாயும் தொடும் இடத்தில் அரிப்பு தொடங்கும். தகடு உதிர உதிர வெப்பம் வெளியேறும் பரப்பு குறைந்து பில் ஏறும். பூச்சுப் பூசிய தகடு உள்ள யூனிற் வாங்குவது, கடற்காற்று நேரே முகத்தில் அடிக்காத சுவரில் பூட்டுவது, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுவது, இவை போதும். கார் கழுவுகிற அழுத்தப் பம்பால் அடித்தால் தகடு மடங்கிக் காற்று போகாது. கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் அதுவும் ஆகாது, காய்ந்ததும் உப்பும் சுண்ணாம்பும் படியும். மழைத் தண்ணீர் நல்லது.

ஜனவரி 19 – சுன்னாகத்தார்

இனி அளவெடுப்பு. இந்தத் தொழிலின் நடு இதுதான், பாடத்திட்டங்களில் மெல்லியதாகப் போவதும் இதுதான்.

தொடக்கம் 12 மாத மின்பில். வீட்டுப் பில்லில் அலகு மட்டும்தான் பார்க்க வேண்டும். 42 கேவிஏக்கு (கிலோவோல்ற் அம்பியர்) மேற்பட்ட மொத்த வழங்கலில், அதாவது ஹோட்டல் போன்ற பெரிய பாவனையாளரின் இணைப்பில், மூன்று நேரப் பகுதிகள் உண்டு: காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், 6.30 முதல் 10.30 வரை உச்சம், மிச்சம் இரவு. அதோடு அந்த மாதத்தின் உச்சக் கேவிஏக்குத் தனிக் கட்டணம். ஹோட்டலின் துணி கழுவும் இயந்திரமும் தண்ணீர் பம்பும் மாலை 7 மணிக்கு ஓடுகின்றனவா என்று பாருங்கோ. நேரத்தை மாற்றினாலே காசு மிஞ்சும், ஒரு ஆணிகூட வாங்கத் தேவையில்லை.

பிறகு பதிவு மீற்றரை (தொடர்ந்து அளந்து பதிந்து வைக்கும் மீற்றர்) பிரதான பலகையில் 7 நாள் விட வேண்டும். ஞாயிறு கட்டாயம் அதற்குள் வர வேண்டும். ஒருவரும் இல்லாத நாளில் ஓடுவதே அடிப்பாரம், வீண்செலவு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பழகுநர் பிழை விடும் இடங்களும் அநேகமாக ஒரே மாதிரித்தான். கம்பியைச் சுற்றிக் கவ்வும் கிளாம்பை லைன், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் போட்டால் பூச்சியம் காட்டும். கிளாம்பின் அம்புக்குறி மாறினால் வலு மறைப்பெறுமானமாக வரும். சிவப்புக் கட்டத்தின் (பேஸ்) கிளாம்பும் மஞ்சள் கட்டத்தின் வோல்ற் கம்பியும் சோடி மாறினால் வலுக்காரணி (வோல்ற் அம்பியரில் எத்தனை பங்கு உண்மையான வாற் என்ற எண்) நம்ப முடியாத எண்ணாக நிற்கும், ஒரு வாரப் பதிவும் குப்பை. பூட்டியதும் மூன்று கட்டத்தின் வலுக்காரணியையும் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டே இறங்க வேண்டும். மலிவான கிளாம்ப் மீற்றர் இன்வேர்ட்டர் ஏசியின் கரண்டைப் பிழையாகக் காட்டும், அலைவடிவம் நேர்த்தியாக இல்லாததால், உண்மை ஆர்.எம்.எஸ். (True RMS) என்று எழுதியிருப்பதை வாங்குங்கோ. இன்னொன்று: கரண்டை 230ஆல் பெருக்கினால் வருவது வோல்ற் அம்பியர், வாற் இல்லை. இந்த இடத்தில் சறுக்கிய அறிக்கைகள் நிறைய.

ஜனவரி 20 – மானிப்பாய் வயர்மன்

வலுக்காரணிக்குக் கப்பாசிற்றர் போட்டா பில் பாதியாகும் எண்டு ஒரு பெட்டி விக்கினம். வீட்டுக்குப் போடலாமோ அண்ணை?

ஜனவரி 20 – சுன்னாகத்தார்

வீட்டுக்கு வேண்டாம். வீட்டு மீற்றர் அலகை மட்டும் எண்ணுகிறது, வலுக்காரணிக்கு வீட்டில் கட்டணமே இல்லை. பிளக்கில் குத்துகிற பெட்டி அந்த எண்ணைத் தொடாது.

மொத்த வழங்கல் உள்ள இடத்தில் கதை வேறு. 60 கிலோவாற் பாரம், வலுக்காரணி 0.75 என்றால் 80 கேவிஏ. அதை 0.95க்கு ஏற்றினால் 63.2 கேவிஏ. தேவையான கப்பாசிற்றர்: 0.75க்கான டான் (வலுக்காரணிக் கோணத்தின் tan) 0.882, 0.95க்கான டான் 0.329, வித்தியாசம் 0.553, அதை 60ஆல் பெருக்க ஏறத்தாழ 33.2 கேவார் (கப்பாசிற்றரின் அளவைச் சொல்லும் அலகு). கேவிஏக் கட்டணம் ஐந்தில் ஒன்றுக்கு மேல் குறையும். அலகு அநேகமாக அப்படியே இருக்கும். அதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நிலையான கப்பாசிற்றர் இரவில் பாரம் இறங்கியபிறகும் நின்றால் தேவைக்கு மிகையாகி வலுக்காரணி மறுபக்கம் கெடும், அதனால் படிப்படியாக வெட்டிச் சேர்க்கிற தானியங்கிப் பலகை எடுங்கோ.

ஜனவரி 26 – சுன்னாகத்தார்

கட்டடம் பற்றி இன்னும் ஒன்றும் எழுதவில்லை. மின் படித்தவர் சுவரையும் கூரையையும் பார்ப்பதில்லை, சிவில் படித்தவர் மீற்றரைப் பார்ப்பதில்லை. இரண்டையும் பார்க்கிறவருக்குத்தான் இந்த வேலை.

யாழ்ப்பாணம் வடக்கு அகலக்கோடு 9.7 பாகையில் கிடக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ற் கடைசியிலும் சூரியன் உச்சிக்கு நேரே வரும்; இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து விழும். வடக்குச் சுவருக்கு வெயிலே இல்லை என்று வெளிநாட்டுப் புத்தகத்தில் படித்ததை இங்கே கொண்டுவரக் கூடாது. ஜூன் 21 நண்பகலில் சூரியன் 76 பாகை உயரத்தில், வடக்கே. டிசெம்பர் 22இல் 57 பாகை, தெற்கே. 1.2 மீற்றர் உயரமான யன்னலை அந்த நேரங்களில் முழுதாக மறைக்க வடக்கில் 30 சென்ரிமீற்றர் சன்சேட் போதும், தெற்கில் 78 வேண்டும். கிழக்கு மேற்குக்கு எந்தச் சன்சேட்டும் காணாது, வெயில் சரிந்து வரும். அங்கே விறாந்தை, மரம், நிலைக்குத்துத் தடுப்பு. பழைய நாற்சார் வீடுகளின் அகன்ற விறாந்தைகளை மீற்றர் சட்டத்தோடு போய் அளந்து பாருங்கோ, மாணவருக்கு இதைவிட நல்ல செய்முறை இல்லை.

கூரைக்கு வருவோம். 125 மில்லிமீற்றர் கொங்கிறீற் பிளேட்டின் வெப்பத் தடை, மேற்பரப்புத் தடைகளோடு சேர்த்து, ஏறத்தாழ 0.30. அதாவது ஒரு பாகை வித்தியாசத்துக்குச் சதுர மீற்றருக்கு 3.3 வாற். வெயிலையும் சேர்த்துக் கணக்கிட்ட வெளி வெப்பநிலை உள்ளறையைவிட 20 பாகை கூட என்று வைத்தால், 100 சதுர மீற்றர் கூரையால் 6.6 கிலோவாற் வெப்பம் இறங்கும். அதை வெளியேற்ற மட்டும் இரண்டு ரன் ஏசி கிட்டத்தட்ட முழுதாக வேண்டும், ஒரு ரன் 3.5 கிலோவாற் என்பதால். 50 மில்லிமீற்றர் பொலிஸ்ரைரீன் பலகை வைத்தால் அதே கணக்கு 1.2 கிலோவாற்றுக்கு வரும்.

இது வெப்பநிலை மாறாமல் நிற்கிறது என்று வைத்த கணக்கு. கொங்கிறீற் வெப்பத்தைப் பிடித்து வைத்து மணித்தியாலங்கள் கழித்தே விடும், அதனால்தான் பிளேட் வீட்டில் இரவு 8 மணிக்கும் வெக்கை. பகலில் மட்டும் இயங்கும் அலுவலகத்துக்கும் இரவில் படுக்கும் வீட்டுக்கும் ஒரே பரிந்துரை எழுதாதேங்கோ.

காப்பைப் பிளேட்டுக்கு மேலே போடுவது சிறந்தது, கொங்கிறீற்றே சூடாகாது. ஆனால் மேலே பாதுகாப்புப் படையும் 100க்கு 1 சரிவும் தண்ணீர்க்காப்பும் சரியாக வர வேண்டும். வாடை மழையில் தண்ணீர் உள்ளே இறங்கினால் காப்பும் போச்சு, பிளேட்டும் உக்கும். தகட்டுக் கூரைக்குக் கீழே மினுக்கப் படலம் போடுகிறவர்கள் அதைத் தகட்டோடு ஒட்டிவிடுகிறார்கள். 25 மில்லிமீற்றராவது காற்று இடைவெளி வேண்டும், மினுக்கம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் தூசு படிந்து ஒரு வருடத்தில் பயனிழக்கும்.

ஜனவரி 27 – மானிப்பாய் வயர்மன்

எனக்குக் கடுதாசி ஒண்டும் இல்லை அண்ணை, வேலை மட்டும் தெரியும். வயசும் போட்டுது. கோர்ஸுக்கு இருக்கேலாது.

ஜனவரி 27 – சுன்னாகத்தார்

முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு வழி இருக்கிறது, நைட்டா செய்கிறது. வகுப்புக்கு இருக்கத் தேவையில்லை. தேசியத் தேர்ச்சி நியமத்தில் உள்ள ஒவ்வொரு வேலையையும் உங்களால் செய்ய முடியும் என்று மதிப்பீட்டாளருக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இப்போதிருந்தே கோவை ஒன்று வையுங்கோ: வேலை கொடுத்தவர்களின் கடிதம், செய்த பலகைகளின் படம், வரைபடம், பொருள் பட்டியல். கைவேலையில் நீங்கள் தடுமாறமாட்டீர்கள். கனபேர் தடுமாறுவது சோதனைப் பதிவில்: காப்புத் தடை, நிலத்தொடர்புத் தடை, ஒழுக்குச் சுவிட்ச் (ட்ரிப் சுவிட்ச்) வெட்டும் நேரம் ஆகியவற்றை அளந்து தாளில் எழுதும் பழக்கம் இல்லாததால். ஒவ்வொரு வேலையிலும் எழுதிப் பழகுங்கோ.

பெப்ரவரி 2 – கொக்குவில் பெடியன்

அப்ப ஓடிற்றர் எண்ட பெயர் எப்ப வரும்?

பெப்ரவரி 2 – சுன்னாகத்தார்

அது பின்னால் வருகிற படி. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிலைபெறுதகு வலு அதிகாரசபையே வலு முகாமையாளர், வலுக் கணக்காய்வாளர் என்பவர்களை அங்கீகரிக்கிறது. தகைமையும் வேலை அனுபவமும் சேர்த்தே பார்ப்பார்கள். கட்டட வலுக் கோவையின் (கட்டடங்களின் வலுத்திறனுக்கான விதித்தொகுப்பு) 2020ஆம் ஆண்டுப் பதிப்பை இப்போதே வாசிக்கத் தொடங்குங்கோ: சுவர், விளக்கு, வளிச்சீராக்கம், மின்சாரம், சுடுதண்ணீர் என்று பகுதி பகுதியாகப் போகும்.

படிப்பதற்கு இந்திய வலுத்திறன் பணியகத்தின் தேர்வு நூல்கள் நல்லவை. முகாமையாளருக்கு மூன்று தாள், கணக்காய்வாளருக்கு நான்கு. அந்தத் தேர்வை எழுதாவிட்டாலும் கொதிகலன், பம்ப், குளிரூட்டல் கணக்குகளை அதிலிருந்து செய்து பழகலாம். ஆங்கிலம்தான், ஆனால் நேரான ஆங்கிலம். தினம் இரண்டு பக்கம் அகராதியோடு போனால் தொழிற்சொற்கள் கெதியாகப் பிடிபடும். லீட் கிரீன் அசோசியேற் என்பது பசுமைக் கட்டடம் பற்றிய சர்வதேசச் சான்றிதழ்த் தேர்வு: 100 கேள்வி, 2 மணித்தியாலம், 200க்கு 170 எடுக்க வேண்டும். கொழும்பிலோ வளைகுடாவிலோ வேலை தேடுவதானால் உதவும். யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறவருக்கு அந்தக் காசுக்கு நல்ல மீற்றர் வாங்குவது மேல் என்பது என் எண்ணம்.

பெப்ரவரி 9 – சுன்னாகத்தார்

அறிக்கை எழுதுவது பற்றி. மாணவர் அறிக்கைகளில் அதிகம் காணும் பிழை சேமிப்புகளை நேரே கூட்டுவது. ஒரு கட்டடத்தின் ஏசி வருடம் 10,000 அலகு தின்கிறது. கூரைக் காப்பால் 20 வீதம், புது இயந்திரத்தால் 30 வீதம். 50 வீதம் என்று எழுதினால் பிழை. காப்புக்குப் பிறகு 8,000, அதில் 30 வீதம் குறைந்தால் 5,600. சேமிப்பு 44 வீதம். அந்த ஆறு வீதத்தில்தான் வாடிக்கையாளரின் நம்பிக்கை போகும்.

எளிய வேலையை முன்னுக்கு வையுங்கோ. 75 வாற் சீலிங் பான் 20ஐ 30 வாற் பிரஷ் இல்லாத மோட்டர் பானாக மாற்றினால் 900 வாற் குறையும். நாளுக்கு 8 மணித்தியாலம், வருடம் 250 நாள் என்றால் 1,800 அலகு. செலவை அலகின் விலையோடு சேர்த்துப் பார்த்து எத்தனை மாதத்தில் காசு திரும்பும் என்று முதற்பக்கத்திலேயே போடுங்கோ, தமிழில். உரிமையாளர் வாசிப்பது அந்தப் பக்கம் மட்டும்தான்.

மாற்றிய பிறகும் அளக்க வேண்டும். மாற்றுமுன் எடுத்த அதே நீளப் பதிவு, அதே வகைக் கிழமை நாட்கள். சோளகம் வீசும் ஜூலையையும் காற்றே இல்லாத ஏப்ரலையும் ஒப்பிட்டு வெற்றி என்று எழுதினால் அது சேமிப்பாகாது, பருவ மாற்றம்.

பெப்ரவரி 11 – காரைநகர் வாசகி

மகள் கணிதம் நல்லாச் செய்வாள், ஏணியில ஏற விருப்பமில்லை. இதில இடமிருக்கோ?

பெப்ரவரி 11 – சுன்னாகத்தார்

இருக்கிறது. பதிவு மீற்றர் ஒரு வாரத்தில் தருகிற ஆயிரக்கணக்கான வரிகளை அலசி, எந்த நேரம் எது ஓடியது என்று பிரிக்கிறவருக்குப் பெரிய தட்டுப்பாடு. விரிதாள் நன்றாகத் தெரிய வேண்டும். கட்டடத்தின் பாவனையைக் கணினியில் கணிக்கும் எனர்ஜிபிளஸ், ஓப்பன்ஸ்ரூடியோ மென்பொருட்கள் இரண்டும் இலவசம். கட்டடத்தை வரைந்து, மணித்தியால வானிலைக் கோப்பைக் கொடுத்து ஓட்டலாம். மாதிரி தருகிற எண்ணை 12 மாத பில்லோடு ஒத்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கோ. ஆனால் ஒருமுறையாவது பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும், தரவு எங்கிருந்து வருகிறது என்று விளங்க.

பெப்ரவரி 16 – கொக்குவில் பெடியன்

குளிரூட்டல் என்.வி.கியூ 4க்கு விண்ணப்பம் போட்டிட்டன். கையில கிளாம்ப் மீற்றர் ஒண்டு இருக்கு. புது பானில போட்டா 0.1, 0.2 எண்டு ஆடுது. மீற்றர் பழுதோ?

பெப்ரவரி 16 – சுன்னாகத்தார்

நல்லது தம்பி. மீற்றர் பழுதென்று சொல்ல முடியாது, அவ்வளவு சிறிய கரண்ட் அதன் எல்லைக்குக் கீழே. பரிசோதனைக்கென்று ஒரு குட்டி நீட்டிப்பு வயர் செய்யுங்கோ: வெளித்தோலை உரித்து லைன் கம்பியை மட்டும், அதன் சொந்தக் காப்பு அப்படியே இருக்க, வெளியே எடுத்து 10 சுற்றுச் சுற்றி ரேப் ஒட்டுங்கோ. கிளாம்பை அந்தச் சுற்றுக்குள் போட்டால் பத்து மடங்கு காட்டும், பத்தால் பிரிக்க வேண்டும். நிலக்கம்பியை (ஏர்த்) வெட்டாதேங்கோ. மீற்றர் சரியா என்று பார்க்க அதே வயரில் மின்கேத்தலைப் போட்டு, சுற்றில்லாத இடத்தில் லைன் கம்பியை மட்டும் கிளாம்பில் பிடியுங்கோ. கேத்தலின் தகட்டில் உள்ள வாற்றை, அதே தகட்டில் உள்ள வோல்ற்றால் பிரித்தால் வருகிற அம்பியருக்குக் கிட்ட மீற்றர் நிற்க வேண்டும்; பிளக்கில் வோல்ற் குறைவென்றால் அதே வீதத்தில் அம்பியரும் குறையும். கேத்தல் வெறும் சூட்டுக்கம்பி, வலுக்காரணி 1, அதனால் அந்தக் கணக்கு செல்லும். பானுக்கு அது செல்லாது. அதன் வாற்றை அறிய வாற் காட்டும் பிளக் மீற்றர் ஒன்று வாங்குங்கோ, அடுத்ததாக வாங்க வேண்டியது அதுதான்.